ஊம் கொட்டிய மரம்

இலங்கை மலைநாட்டில், ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவில் இருந்தார் அழகையா. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் வேலை. வாய் மட்டும் லேசில் திறக்காது. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் நாங்களெல்லாம் "ஐயா" என்போம். இவர் "ஊம்" என்பார். கணக்கப்பிள்ளை கத்திக் கத்தி ஓய்ந்துபோனார். பெண்டாட்டி சண்முகவடிவு ஊர்க்கதையெல்லாம் சொல்வாள், அதற்கும் "ஊம்"தான். லயமே அவரை ஊம் அழகையா என்றது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் சண்முகவடிவு மூன்றாம் முறை உண்டானாள். முதல் இரண்டும் தங்கவில்லை. மாதம் நெருங்கிய நேரத்தில், லயத்துக்குப் பின்னாலிருந்த காட்டுக்கருவா மரத்திலிருந்து பட்டப்பகலில் அடித்தொண்டைச் சத்தம்: "ஊம்... ஊம்..."

ஆந்தைதான், சாவுக்குறிதான் என்று முடிவுகட்டிவிட்டோம். நிமிர்ந்து பார்க்க ஒருவருக்கும் தைரியமில்லை. வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. சண்முகவடிவு சோறு இறங்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

"வீட்டுல புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு சும்மா இருக்கீங்களே! அந்தக் கொப்ப வெட்டித் தள்ளுங்க," என்றார் பக்கத்துக் காம்பரா கந்தப்பன்.

அழகையா கத்தியோடு ஏறினார். வெகுநேரம் மேலேயே இருந்தார். ஒரு கொப்பும் விழவில்லை. இறங்கி நேரே பெண்டாட்டியிடம் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"ஆந்தை இல்ல புள்ள. புறா. கழுத்துல நான் கட்டுற சாரத்துல இருக்கிற மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டம். ஒன்னு கருவாப் பழத்த முழுசா முழுங்கிட்டு ஊம் ஊம்ங்குது. இன்னொன்னு கூட்டுல இருக்கு. நாலு குச்சி, அதுல ஒத்த முட்டை. கத்தியோட போயும் எந்திரிக்கல. அதுக்கும் அது ஒன்னுதான்."

அவர் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதேயில்லை. சண்முகவடிவு எழுந்து உட்கார்ந்தாள்.

"உங்கள மாதிரியே ஊம் கொட்டுதா?" என்று கேட்டுச் சிரித்தாள். அன்றைக்குச் சாப்பிட்டாள். மறுநாளிலிருந்து வாசலில் உட்கார்ந்து மரத்துக்கும் கதை சொல்ல ஆரம்பித்தாள்.

முட்டை குஞ்சானது. பழம் இருந்ததால் புறாக்கள் மரத்தை விட்டுப் போகவில்லை. சண்முகவடிவுக்கு வலி கண்ட அன்று பாதி லயம் அழகையா வாசலில் நின்றது. மத்தியானம் மருத்துவச்சி பேச்சியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பொம்பளப் புள்ள. ரெண்டு உசுரும் நல்லாருக்கு. சந்தோசந்தானேய்யா?"

"ஊம்" என்றது மரம். அழகையாவால் அதுகூடச் சொல்ல முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.