மடி உதறல்

பச்சை ஏலக்காய் எடுத்த கையை எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்தக் காரவாசம் போகாது. அம்மா பிசைந்து ஊட்டிய சோறெல்லாம் அதுதான் மணக்கும். எழுபதுகளில், வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏலத்தோட்டத்து ‘லயத்தில்’, கூலியாட்களுக்கான வரிசை வீடுகளில், அம்மாவும் அவள் தங்கை பேச்சியம்மாள் சித்தியும் நானும் தம்பியும் ஒரே அறையில் இருந்தோம். அப்பா முன்பே இறந்துவிட்டார்.

சாயங்காலம் காயை எடைபோட்டுக் கொடுத்த பெண்கள், ‘ஸ்டோர்’ வாசலில் வரிசையாக நின்று, கங்காணிக்கு முன்னால் முந்தானையை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் லயத்துக்குப் போக முடியும். காய் திருடவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ‘மடி உதறல்’ என்று பேர். கணக்கப்பிள்ளையின் தோல்பையை மட்டும் யாரும் திறந்து பார்த்ததில்லை. இந்த அநியாயமெல்லாம் எங்களுக்குத் தெரியுமா என்ன? லயத்துப் பிள்ளைகள் அதையே விளையாட்டாக்கிவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் கங்காணி, கையில் குச்சியோடு, “உதறுடி, நல்லா உதறு!” என்று அதட்டிக்கொண்டிருந்தபோது, தண்ணீர்க் குடத்தோடு வந்த சித்தி பார்த்துவிட்டாள். குடத்தை இறக்கி வைத்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவளே அழுதாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நான் ஸ்டோர் வாசலுக்கு வந்தபோது சித்தியின் முறை. அவள் உதறவில்லை.

“கணக்கப்பிள்ளை பையையும் இங்ஙன கொட்டிக் காட்டச் சொல்லுங்கண்ணே. அப்புறம் நான் உதறுறேன்.”

“என்னடி, கொழுப்பா? நாளையிலருந்து ஒனக்கு வேலையுமில்ல, லயமுமில்ல” என்றார் கங்காணி.

அடுத்து நின்றது அம்மா. அவளும் மறுப்பாள் என்று காத்திருந்தேன். சித்தியோ திரும்பி, “நீ ஒதறுக்கா. புள்ளைக இருக்கு” என்றாள். அம்மா தலையைக் குனிந்தபடி உதறினாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. விடிந்ததும் சித்தி போடிக்கு மலையிறங்கிப் போய்விட்டாள். அதன்பிறகு எத்தனையோ நாள் நான் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று அந்த லயமும் ஸ்டோரும் இல்லை. அங்கே ஒரு விடுதி நிற்கிறது. மடி உதறலும் ஒழிந்தது, நல்லவேளை. போன மாதம் என் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்த அம்மா, தம்பி வீட்டுக்குக் கிளம்பும்போது, எண்பது வயதில், வாசற்படியில் நின்று ஏதோ பேசிக்கொண்டே முந்தானையை எடுத்து நன்றாக ஒரு உதறு உதறிச் செருகிக்கொண்டாள். தான் செய்தது அவளுக்குத் தெரியவே இல்லை. பெற்ற மகள் வீட்டிலிருந்து கிளம்புகிறாள், பாவி மனுஷி! காரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அவளை மறுபடி உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தேன்.