கெங்கம்மாள் சொன்ன பேர்

கெங்கம்மாள் அரிசி அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டாள். “லாபம்” என்பாள்; அதற்குப் பிறகுதான் ரெண்டு, மூணு. படியை முறத்தின்மேல் வைத்து அரிசியைக் கூம்பாகக் குவிப்பாள். வழிகிறது வழிந்து, மற்றது தானாக நிற்கிறவரைக்கும் பார்த்துவிட்டுத்தான் சாக்கில் கவிழ்ப்பாள். பூந்தமல்லியிலிருந்து வருகிற கடைக்காரர்கள் அளவில் சந்தேகம் கிளப்பினால், “இன்னா நைனா, என் வாயி பொய் சொல்லும், படி சொல்லுமா?” என்று கேட்பாள். அது அடுத்த தெருவுக்கும் கேட்கும்.

முப்பது வருஷமாக உலக்கைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. பாரிவாக்கத்தில் யாருக்காவது ஒரு சமாசாரம் ஊர் முழுக்கப் பரவவேண்டுமென்றால், அதைக் கெங்கம்மாளிடம் “யார்கிட்டயும் சொல்லாதே” என்று சொன்னால் போதும். அவள் சொல்லமாட்டாள், சத்தியம் தவறாதவள். ஆனால் “நான் யார்கிட்ட சொல்லப் போறேன், அவ புருஷன் கோச்சிக்கினு போனதை?” என்று திருப்பிக் கேட்பாள் அல்லவா, அதிலேயே காரியம் முடிந்துவிடும்.

முத்தாபுதுப்பேட்டைக் களங்களில் நெல் வாங்கி வருவாள். ஊறப்போட்டு, அண்டாவில் அவித்து, வாசலில் கொட்டிப் பரப்பி, அதில் பாதத்தை இழுத்து இழுத்து நடப்பாள். அவள் நடந்த இடமெல்லாம் ஏர் ஓட்டியதுபோல வரிவரியாக இருக்கும். குனிந்து பார்ப்பதில்லை. நெல் காய்ந்ததா இல்லையா என்று குதிகால் சொல்லிவிடும். “மேல காஞ்சிட்சு, அடியில அழுதுகினு கீது” என்பாள்.

இத்தனை வாய் இருக்கிறவளுக்குச் சில சொற்கள் மட்டும் வாயில் வராது. வேப்பமரம் அவளுக்குக் “கசப்பு மரம்.” ஒரு தரம் பூந்தமல்லிக்குச் சர்க்கஸ்காரன் புலியைக் கொண்டுவந்தபோது, “அந்தக் கோடு போட்ட பூனையைப் பாத்தியா?” என்று தெருவெல்லாம் கேட்டாள். ஊர்த் தெய்வமான வேம்புலியம்மனை “ஊராத்தா” என்றுதான் கும்பிடுவாள். காரணம் வேறொன்றும் இல்லை. அவள் புருஷன் பெயர் வேம்புலி.

“ஊட்டுக்காரர் பேரைச் சொன்னா அவரு ஆயுசு கொறையும்” என்பது கெங்கம்மாளின் தீர்மானம். எத்தனையோ பெண்கள் அப்படித்தான். ஆனால் கெங்கம்மாளுக்கு அதில் கொஞ்சம் கூடுதல் கவலை உண்டு. வேம்புலி கிணறு வெட்டுகிறவர். பாழுங்கிணறுகளில் இறங்கித் தூர் எடுப்பார். இறங்குவதற்கு முன்னால் கயிற்றில் லாந்தரைக் கட்டி உள்ளே விடுவார்கள். விளக்கு அணைந்தால் கீழே கெட்ட காற்று இருக்கிறது என்று அர்த்தம். போன கோடையில் பக்கத்து ஊரில் ஒருவன் லாந்தர் விடாமல் இறங்கி, மேலே வரவில்லை. வேம்புலி சாயங்காலம் வீடு திரும்பினால், கெங்கம்மாள் அவரைக் காலிலிருந்து தலைவரைக்கும் ஒருமுறை பார்ப்பாள். எதிரே நிற்கிற மனுஷனிடம், “வந்துட்டியா?” என்று கேட்பாள். அவர் “வந்துட்டேன்” என்று சொல்லவேண்டும். சொன்னால்தான் சோறு.

வேம்புலிக்குத் தம்பிகள் இரண்டு பேர்; அவர்களுக்கும் அதே தொழில். மனையைப் பிரித்துத் தனித்தனி வீடு கட்டியபோது மூவரும் ஒரு காரியம் செய்தார்கள். “கெணத்துல எறங்கறவன் பேர்ல ஊடு எதுக்கு?” என்று வீட்டைப் பெண்டாட்டிகள் பேரில் எழுதிவைத்தார்கள். அப்படித்தான் கெங்கம்மாளும், ஓரகத்திகள் பூங்காவனமும் வடிவும் பஞ்சாயத்து போர்டுக்கு வீட்டு வரி கட்டுகிறவர்கள் ஆனார்கள். வரி கட்டுகிறவருக்கு ஓட்டு உண்டு என்று பிறகுதான் தெரிந்தது.

போன வருஷத்து போர்டு தேர்தலில் வேம்புலி நின்றார். அவருக்கு நிற்கிற ஆசை இல்லை, தண்ணீர்தான் நிறுத்தியது. தெருக் கிணறு மாசியிலேயே வற்றிவிடும். நெல் ஊறப்போடத் தண்ணீர் இல்லாவிட்டால் கெங்கம்மாளின் உரலுக்கு வேலை இல்லை. ஆறு வருஷமாக மெம்பராக இருந்த ஜம்புலிங்கம், போர்டுக் கிணற்றைத் தன் வாழைத் தோட்டத்து ஓரமாக வெட்டவைத்திருந்தார். அதற்குப் படலும் உண்டு, படலைச் சாத்துகிறதற்கு ஆளும் உண்டு. அந்தக் கிணற்றை வெட்டியதே வேம்புலிதான். முப்பத்தெட்டு அடியில் இளநீர் மாதிரி ஊற்று வந்தபோது முதல் வாய் குடித்தவர். அதே தண்ணீருக்குக் கெங்கம்மாள் குடத்தோடு போய்ப் படலுக்கு வெளியே நின்றுவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பி வந்த நாளில், “நானே நிக்கறேன்” என்று சொல்லிவிட்டார்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஓட்டுச் சீட்டில் தாங்களே குறி போட்டுக்கொள்ளலாம். தெரியாதவர்கள் அதிகாரியின் காதில், தங்களுக்கு வேண்டியவர் பெயரைச் சொல்லவேண்டும். அவர் குறி போட்டுப் பெட்டியில் போடுவார். இதைக் கேட்டதும் முதலில் சிரித்தவன் எத்திராஜ், ஜம்புலிங்கத்தின் கையாள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லமாட்டாள். மூத்தார் பெயரைத் தம்பி பெண்டாட்டிகளும் சொல்லமாட்டார்கள்.

“அண்ணாத்தே, உன் ஊட்ல மூணு பொம்பள ஓட்டு கீது. மூணும் வாயத் தொறக்காத ஓட்டு” என்று காப்பிக் கடையில் வேம்புலியை வைத்துக்கொண்டே சொன்னான். “நீ ஊட்லயே தோத்துட்டே, போ!”

அன்றைக்கு ராத்திரிச் சோற்றின்போது வேம்புலி தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். “ஒரு தபா சொல்லித்தான் பாரேன்.”

“இன்னாத்த?”

“என் பேரை.”

கெங்கம்மாளுக்குக் கல்யாணப் பெண்போல முகம் சிவந்துவிட்டது. “த்தூ, வெக்கமில்ல? பேரன் எடுத்த வயசுல!”

“நான் ஒண்ணும் செத்துப்பூட மாட்டேன். சொல்லு.”

“வாயக் கழுவு மொதல்ல!” என்று கத்தினாள். பக்கத்து வீட்டு வடிவு என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். கொஞ்சநேரம் கழித்து, அவர் கை கழுவப் போனபின், கெங்கம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு “வே...” என்று ஆரம்பித்துப் பார்த்தாள். அதற்கு மேலே நாக்கு எழும்பவில்லை. திரும்பி வந்தவரிடம், “வேற பேரு வச்சிக்கினு நின்னா இன்னா? ஊர்ல பேருக்கா பஞ்சம்?” என்று எரிந்து விழுந்தாள். அவர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

தேர்தல் பள்ளிக்கூடத்தில் நடந்தது. சுவரில் சக்கரவர்த்தி படம், அதன் கீழே மேஜை. அதிகாரியாக வந்தவர் பூந்தமல்லி ஜெயபால் வாத்தியார்; கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர், சட்டம் என்றால் எழுத்துப் பிசகாதவர். வாசல்படியில் எத்திராஜ். எதிர்த்தாற்போல மைதானத்து வேப்பமரத்தடியில், இதற்கு மேலே வரக்கூடாது என்று நிறுத்திவைக்கப்பட்ட வேம்புலி. மூன்று ஓரகத்திகளும் வரிசையில் வந்தார்கள், கெங்கம்மாள் முன்னால்.

“வேம்புலி சம்சாரம் கெங்கம்மாள். அப்படித்தானே?” என்று வாத்தியார் பட்டியலைப் பார்த்துப் படித்தார். அதற்குத் தலையை ஆட்டினால் போதுமாக இருந்தது, பலமாக ஆட்டினாள்.

“யாருக்கு ஓட்டு? மெதுவா என் காதில் சொல்லுங்க.”

“அதான் நீங்களே இப்ப சொன்னீங்களே சாமி. அவருக்குத்தான்.”

“நான் சொன்னது செல்லாதம்மா. நீங்க சொல்லணும்.”

“எங்க பெரியவன் நைனாவுக்கு.”

“அப்படி ஒருத்தரும் நிக்கலையே.”

“ஜம்புலிங்கம் இல்லாத ஆளுக்குப் போடு சாமி!”

மெதுவாகச் சொன்னதாகத்தான் அவள் நினைத்தாள். வாசலிலிருந்து எத்திராஜ் துள்ளிக் குதித்தான். “சார், அக்கா ஜம்புலிங்கம்னு சொல்லிட்டாங்க! எல்லார் காதுலயும் உழுந்துட்சு. குறியப் போடுங்க!”

வரிசை முழுக்கச் சிரித்தது. “உன் வாயில மண்ணு உழ!” என்று கெங்கம்மாள் திரும்பினாள். வாத்தியார் எத்திராஜைப் படிக்கு வெளியே போகச் சொல்லிவிட்டு, அவளிடம் தணிந்த குரலில் சொன்னார்: “ஆனா சட்டம் அதுதாம்மா. சொன்ன பேருக்குத்தான் நான் குறி போடலாம். இதுவரைக்கும் நீங்க சொன்ன பேர் அது ஒண்ணுதான்.”

பின்னால் பூங்காவனம் கெங்கம்மாளின் முந்தானையைப் பிடித்திழுத்தாள்: “அக்கா, ஊட்டுக்குப் போயிடலாம் வா.” ஜன்னல் வழியாக மரத்தடி தெரிந்தது. வேம்புலி சிரிப்புச் சத்தத்தைக் கேட்டிருக்கவேண்டும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“கெணறும் நெனப்புல இல்ல, தண்ணியும் நெனப்புல இல்ல” என்று இதைப் பிற்பாடு சொல்லும்போதெல்லாம் கெங்கம்மாள் சொல்வாள். “அவரு மூஞ்சில தோத்த களை வந்துட்சு. அத்த என்னால பாக்க முடியல.”

இடது கையால் தாலிச் சரட்டை இறுகப் பிடித்தாள். கண்ணை மூடினாள். ஓங்கிய உலக்கை இறங்குகிற வேகத்தில் வார்த்தை வந்தது.

“வேம்புலி!”

வெளியே வேப்பமரத்தடியிலிருந்து உடனே பதில் கேட்டது.

“இன்னா?”

பழக்கதோஷம், யாரோ கூப்பிட்டார்கள் என்று வந்த பதில். வரிசை மறுபடியும் சிரித்தது. ஆனால் இது வேறு சிரிப்பு. வேம்புலி சிரிக்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாகத் தன் பெயரை அந்தக் குரலில் கேட்டறியாதவர், துண்டைக் கையில் பிடித்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ரகசியம் போச்சு சார்! இந்த ஓட்டு செல்லாது!” என்றான் எத்திராஜ் வெளியிலிருந்து.

“ரகசியம் காக்கவேண்டியவன் நான்தான். அவங்க ஓட்டு, அவங்க வாய்” என்று சொல்லிக்கொண்டே வாத்தியார் குறி போட்டார்.

அக்காவே சொன்னபிறகு மற்ற இருவருக்கும் பெரிய கஷ்டமில்லை. பூங்காவனம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். வடிவு முக்காட்டுக்குள்ளிருந்து சொன்னாள். வெளியே வந்ததும், “அக்கா, சாமி கண்ணக் குத்துமா?” என்றாள்.

“குத்தறதா இருந்தா என்னிய மொதல்ல குத்தட்டும்” என்றாள் கெங்கம்மாள்.

சாயங்காலம் எண்ணினார்கள். வேம்புலிக்கு எண்பத்தொன்று, ஜம்புலிங்கத்துக்கு எழுபத்தொன்பது. தெருவில் மேளம் வந்தபோது கெங்கம்மாள் கொல்லையில் இருந்தாள். மஞ்சள் தண்ணீரில் மூன்று தரம் வாய் கொப்பளித்து, தாலிக்கு மஞ்சள் பூசி, ஊராத்தா கோயில் வாசலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்திருந்தாள். அந்த ஒரு குடத்துக்கு அன்றைக்குப் பட்ட பாடு பாரிவாக்கத்துப் பெண்களுக்குத்தான் தெரியும். மாலையோடு உள்ளே வந்தவரைக் காலிலிருந்து தலைவரைக்கும் பார்த்தாள். “வந்துட்டியா?” என்றாள்.

“வந்துட்டேன்.”

இப்போது தெருமுனையில் புதிதாக ஒரு போர்டுக் கிணறு இறங்கிக்கொண்டிருக்கிறது. இருபத்திரண்டு அடி ஆகியிருக்கிறது, ஈரம் தட்டியிருக்கிறது. மெம்பர் குடும்பம் போர்டு வேலை எடுக்கக்கூடாது என்பதால் வெட்டுகிறவன் வேறு ஊர் ஆள். ஆனாலும் மெம்பருக்குக் கரையில் நிற்க முடிவதில்லை. தினமும் ஒருதரம் தானே கயிற்றைப் பிடித்து இறங்கி மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டு வருவார். போர்டுக் கூட்டத்துக்கென்று ஒரு வெள்ளைச் சட்டை தைத்திருக்கிறார். கெங்கம்மாள் அதற்குக் கஞ்சி போட்டுக் கொடுப்பாள். கசப்பு மரம் கசப்பு மரமாகவே இருக்கிறது. “இன்னொரு தபா கூப்புடேன்” என்று வேம்புலி எப்போதாவது சீண்டினால், “ஒரு தபா சொன்னதுக்கே இன்னும் பயந்துகினு கீறேன். சும்மா கெட” என்பாள்.

பயம் நிஜம்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் பாயில் சாய்ந்து கொஞ்சநேரம் ஆனதும், வாசலில் உலக்கைச் சத்தம் நின்றுவிடும். கெங்கம்மாள் கையில் தவிட்டோடு உள்ளே வந்து, தலைமாட்டில் குந்தி, ஆள்காட்டி விரலை அவர் மூக்கின் கீழே நீட்டுவாள். முதலில் கொஞ்ச நாள் அது அவருக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

“கீறேன், போடி” என்பார், கண்ணைத் திறக்காமல்.

கெங்கம்மாள் விரலை எடுக்கமாட்டாள். இன்னொரு மூச்சு வந்து, நகத்தோரத்தில் ஒட்டியிருக்கிற தவிடு அசைகிறவரைக்கும் அப்படியே வைத்திருப்பாள்.