கால் ஒடஞ்ச அப்பா

புளிச்ச கள்ளு வாசனை எப்படி இருக்கும்னு கேட்டா, நாலு நாள் பழைய இட்லி மாவுல கனிஞ்ச வாழப்பழத்தைப் பெசஞ்சு வெயில்ல வச்ச மாதிரி இருக்கும்னு சொல்லுவேன். மத்தவங்க மூக்கைப் பொத்திக்குவாங்க. எனக்கு அது அப்பா வாசனை.

இப்ப ஏழரை மணி சீரியல்ல ஒரு கள்ளுக்கடைக்காரன் வரான். கொடுவா மீசை, கழுத்துல மாடு கட்டுற கனத்துக்கு ஒரு சங்கிலி, வீட்டுக்குள்ள கால வச்சா பொண்டாட்டிய ஒரு அறை, மருமகளுக்கு ஒரு மெரட்டல், பெத்த பொண்ணு எதுத்துப் பேசுனா மூணு தடவ திரும்பித் திரும்பிப் பாக்குறான், அதுக்குள்ள அன்னைக்குக் கதை முடிஞ்சு போயிடுது. எனக்குச் சிரிப்பா வரும். நெசமான கள்ளுக்கடைக்காரர் வீட்ல வளந்தவ நான், எங்க வீட்ல அறை வாங்குனது கொசு மட்டுந்தான்.

எழுபதுகளோட ஆரம்பத்துல, சர்க்காரு கள்ளுக்கடையத் தொறந்துவிட்ட அந்த ரெண்டு மூணு வருஷத்துல, திருவெள்ளறை போற ரோட்டுல அப்பா ஒரு கடை எடுத்தாரு. முன்னால கீத்துக் கொட்டாய்ல கள்ளு மொந்தையும் சுண்டலும், பின்னால எங்க வீடு. எனக்குப் பத்து வயசு, மரகதம் அக்காவுக்குப் பதினெட்டு. ஊருக்கே ஊத்துனவரு குடிச்சது மோரு. "ஊத்துறவன் குடிக்கக் கூடாது, குடிக்கிறவன் ஊத்தக் கூடாது"ம்பாரு. கடைய அடைச்சதும் நேரா கெணத்தடிக்குப் போயி, தேங்கா நாரு போட்டுத் தேச்சுக் குளிச்சுட்டுத்தான் எங்களைத் தொடுவாரு. "எத்தனை கொடம் ஊத்துனாலும் அந்த வாசனை போகாதுங்க, அது தோல்ல இல்ல, தொழில்ல இருக்கு"ன்னு அம்மா குத்துவா.

அக்காவுக்குச் சீரங்கத்துலேர்ந்து ஒரு வரன் வந்துச்சு. மாப்ள பேங்க்குல க்ளார்க்கு, அவரோட அப்பா பள்ளிக்கூட வாத்தியாரு. எடமலைப்பட்டி புதூர்ல எங்க தாய்மாமா வீட்ல வச்சுத்தான் பொண்ணு பாத்தாங்க. கடைய விட்டு அப்பா வரல, அதனால மாப்ள வீட்டுக்காரங்க எங்க அப்பாவ நேர்ல பாக்கவே இல்ல. பாத்துட்டு வாத்தியாரு மாமாவத் தனியாக் கூப்புட்டு, "பொண்ணு லட்சணமா இருக்கா, நகை நட்டு ஒண்ணும் வேணாம். ஆனா கள்ளுக்கடை வச்சிருக்குற அவங்கப்பா மட்டும் சபைக்கு வர வேணாங்க. தாரைய நீங்களே வாத்துக் குடுத்துருங்க. எங்க சனங்க கேட்டா ஏதாச்சும் சொல்லிக்கலாம்"னாரு.

பொண்ணு கையத் தூக்கி மாப்ள கையில வச்சு, மேல தண்ணி விட்டுக் குடுக்குறது பெத்தவரு பாத்தியதை. அதைக் கேட்டு அம்மா அழுதா. அப்பா மோரைக் குடிச்சு முடிச்சுட்டு, "சரின்னுடு மச்சான். பொண்ணு போயி நல்லா இருக்கட்டும். நான் கால் ஒடஞ்சு கெடக்கேன்னு சொல்லு"ன்னாரு.

கல்யாணம் சீரங்கத்துல ஒரு சத்திரத்துல. எந்தக் கால் ஒடஞ்சுச்சுன்னு மட்டும் எங்க ஆளுங்க பேசி வச்சுக்கல. அம்மா எடது கால்னா, மாமா வலது கால்னாரு. மாப்ளையோட பாட்டி என்னையப் புடிச்சு, "ஏண்டியம்மா, எந்தக் காலுடி?"ன்னு கேக்க, நான், "ரெண்டுந்தான் பாட்டி. ஒண்ணு விழுந்தப்ப ஒடஞ்சுது, இன்னொண்ணு எந்திரிச்சப்ப ஒடஞ்சுது"ன்னேன். பாட்டி உச்சுக் கொட்டிட்டுப் போயிட்டா.

அப்பறம் பந்தியில உக்காந்தா, தண்ணி ஊத்திக்கிட்டு வரது எங்க அப்பா. மீசைய எடுத்துட்டாரு, இடுப்புல துண்டு, கையில கூஜா. மூணு நாளா கடைப் பக்கமே போகாம, கடலை மாவு தேச்சுக் குளிச்சு, சமையல்காரர்கிட்டக் கெஞ்சி ஆளோட ஆளா வந்துட்டாரு. அக்கா கல்யாணத்தைப் பாக்காம இருக்க முடியல அவருக்கு. முன்னாடியே அம்மா எங் காதக் கடிச்சுருந்தா: "அப்பான்னு வாயத் தொறந்தே, கல்யாணம் நின்னுரும்டி."

நான் வாயத் தொறக்காம இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. பக்கத்துல மாப்ள வீட்டுப் புள்ளைங்கல்லாம் உக்காந்திருக்கு, அதுங்களைச் சிரிக்க வைக்கணும்னு, "யோவ் தண்ணிக்காரரே, உங்க வீட்டுத் தண்ணியா இது, இப்புடிக் கஞ்சத்தனம் பண்றீங்க? நல்லா ஊத்துய்யா!"ன்னேன். பந்தியே சிரிச்சுச்சு. அப்பா குனிஞ்சு, "இந்தாங்க பாப்பா, குடிங்க"ன்னாரு. பெத்த மகளுக்கு "ங்க" போட்டாரு மனுசன். அதுக்கப்பறம் எத்தனையோ பேரைச் சிரிக்க வச்சிருக்கேன், அந்த ஒரு சிரிப்ப மட்டும் திருப்பி வாங்கிக்க முடியல.

பொண்ணும் மாப்ளையும் சாப்ட்டுட்டுக் கொல்லப்பக்கம் கை கழுவ வந்தாங்க. அண்டா பக்கத்துல சொம்போட அப்பா நிக்கிறாரு. காலைல மாமா தாரை வாத்தப்பக்கூட அழாத அக்கா அவரப் பாத்துட்டா. அப்பறம் மாப்ள கையப் புடிச்சு, தன் கைக்குக் கீழ வச்சு ரெண்டையும் நீட்டுனா. அப்பா ஊத்துனாரு. கை சுத்தமாகியும் ஊத்துனாரு, சொம்பு காலியாகுற வரைக்கும் ஊத்துனாரு. மாப்ள, "போதும் பெரியவரே"ன்னு சிரிச்சுக்கிட்டே கைய ஒதறுனாரு. பாத்தவ நான் ஒருத்திதான்.

அதோட முடிஞ்சிருந்தாத் தேவல. மறு வருஷமோ என்னமோ, சர்க்காரு கள்ளுக்கடைய மூடிட்டாங்க. அப்பா வெறக்குக் கடை போட்டாரு. அந்த வாத்தியாரே மனசு எறங்கி, "கடைதான் இல்லையே, கால் தேவலைன்னா சம்மந்திய வரச் சொல்லும்மா"ன்னு அக்காகிட்டச் சொல்லிவிட்டாரு. அப்பா எப்படிப் போவாரு? போனா, தண்ணி ஊத்துன மூஞ்சி தெரிஞ்சுபோகுமே. "நான் ஏமாத்துனதக்கூட விட்டுருவாங்க. தெரிஞ்சுக்கிட்டே நீயும் சேந்து ஏமாத்துனியான்னு எம் பொண்ணக் கேப்பாங்களே"ன்னாரு. மகளை ஒரு நாள் பாக்கப் போயி, மக வீட்டு வாசப்படியக் காலம் பூரா மிதிக்க முடியாமப் பண்ணிக்கிட்டாரு. ஒடையாத கால் கடைசி வரைக்கும் கூடல. வருஷத்துக்கு ஒரு தடவ, ஆடிப்பெருக்குக்கு, மாப்ள ஆபீஸ் போயிருக்குற நேரமாப் பாத்து அக்கா புள்ளைங்களோட முக்கொம்பு ஆத்தங்கரைக்கு வருவா. அப்பா பேரப்புள்ளைங்களுக்குக் கையக் காலக் கழுவி விட்டுட்டு வருவாரு.

அவரு செத்த அன்னைக்குத்தான் மாப்ள எங்க வீட்டுக்குள்ள வந்து அவரு மொகத்தைப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னாரு. "இவரு அன்னைக்குக் கைக்குத் தண்ணி ஊத்துனவருல்ல?"ன்னாரு. அக்கா பக்கம் திரும்பி, "ஏன் மரகதம், எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல? நான் போயிக் கூட்டிட்டு வந்திருப்பேனே"ன்னாரு. அக்கா அப்பத்தான் ஓன்னு அழுதா.

இப்ப அந்த ரோட்டுல எங்க கொட்டாய் இருந்த எடத்துல டைல்ஸ் கடை. பனமரம் ஒண்ணு நின்னுச்சு, அதையும் போன தடவ காணல. அந்த வாசனை எங்கயும் இல்ல, நானும் மூக்கை விரிச்சு விரிச்சுப் பாத்துட்டேன். மாப்ளையும் போயிட்டாரு. சீரங்கத்துல அக்கா ஒருத்தி, இங்க நான் ஒருத்தி, நடுவுல ரெண்டு டிவி. சீரியல்ல இந்த வாரம் கள்ளுக்கடைக்காரன் பொண்ணுக்குக் கல்யாணம். பட்டு வேட்டி கட்டி, மீசைய முறுக்கிக்கிட்டு, மணையில சட்டமா உக்காந்திருக்கான் மனுசன். இத்தனை பேரை அறைஞ்சவனை யாரும் எந்திரிச்சுப் போடான்னு சொல்லல.

நேத்து வெளம்பரத்துக்கு நடுவுல அக்கா போன் பண்ணுனா. "ஏண்டி, எங்க வீட்ல கரண்ட்டு போச்சு. அந்தாளு தாரை வாத்துட்டானா?"

"இல்லக்கா. சொம்பக் கையில எடுத்துட்டான், இன்னும் ஊத்தல."

"இரு, வைக்காத. ஊத்துனதும் சொல்லு"ன்னா.

ரெண்டு பேரும் போனைக் காதுல வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தோம்.