ஈரக் கட்டைவிரல்

இது நடந்தது. நம்பாதவர்கள் தூத்துக்குடிக்குப் போய் விஜிலாவிடமே கேட்டுக்கொள்ளலாம். மீன்குழம்பில் உப்பு கூடிவிட்டால், சாப்பிடுகிறவர் சொல்லுமுன் தானே சொல்லிவிடுகிற பெண் அவள்.

போன செப்டம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் இரண்டே நாற்பது. துறைமுகத்துப் பக்கம் பூட்டிக் கிடந்த பழைய ஓட்டலை மெஸ் நடத்த எடுக்கலாமா என்று பார்க்கப் போனாள். கணவன் கிங்ஸ்டன், கப்பல் வேலையை விட்டு வருகிறான். இனி இருவருக்கும் இதுதான் பிழைப்பு. ஒரு காலத்தில் மாலுமிகளும் உப்பள முதலாளிகளும் சீட்டாடக் குவிந்த ஓட்டல் அது.

வாட்ச்மேன் வீரபாகு மாடிக்கு வரவில்லை. "நீங்க பாத்துட்டு வாங்கம்மா. எனக்கு முழங்கால் வலி."

படி முழுக்க வெற்றிலை எச்சில். கைப்பிடியைத் தொட்டாள், பிசுபிசுவென்று ஒட்டியது. சீட்டாட்ட அறைக் கதவைத் தள்ளியதும் புளித்த பீரும் அழுகிய மீனும் கலந்த நாற்றம். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள்.

சரக்... சரக்...

சீட்டு கலைக்கும் சத்தம்.

ஜன்னலோர மேசையில் ஒருவன். கட்டைவிரலை நாக்கில் தொட்டான். ஒரு சீட்டு. மறுபடி நக்கினான். இன்னொரு சீட்டு. எச்சில் நூலாய் நீண்டது.

"யாரு அண்ணாச்சி நீங்க?"

அவன் நிமிரவில்லை.

"உக்காரு. உனக்கும் போட்டாச்சு."

எதிரே பதின்மூன்று சீட்டுகள். எல்லாம் ஈரம்.

திரும்பி ஓடப் பார்த்தாள். கதவருகே அவன் நின்றான். நாற்காலி நகர்ந்த சத்தமே இல்லை...

கட்டைவிரலை நக்கினான்.

அவள் உதட்டோரம் துடைத்தான்.

குளிர்ந்து... கொழகொழவென்று...

எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. வாசலில் வாந்தி எடுத்தாள். மணி 2:51.

"எச்சித் தொட்டு சீட்டு போடுதான் அண்ணாச்சி... என் வாயத் தொட்டுட்டான்..."

வீரபாகு கேட்டைப் பூட்டினார்.

அன்று ஏழு தடவை சோப்புப் போட்டு வாயைக் கழுவினாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு தூத்துக்குடியை ஒட்டிய புதுக்கோட்டையில் வேறு இடம் பார்த்து மெஸ் தொடங்கினார்கள். ஒரு மாதம் கழித்து அங்கே சாப்பிட வந்த வீரபாகு, இலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவன் அங்கன சீட்டு போடுதவன். கள்ள ஆட்டம்னு பிடிச்சு, கட்டைவிரல வெட்டிப்புட்டானுவ. சீழ் வச்சு அந்த ரூம்லயே செத்தான். பதினெட்டு வருசமாச்சு."

விஜிலா கரண்டியை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் உதட்டோரத்தைத் துடைத்தாள்.

"வெட்டுன விரலையும் சேத்துப் பொதைக்கணும்னு அவன் பொண்டாட்டி அழுதா. தேடாத இடம் இல்ல. கெடைக்கவே இல்லம்மா."