‘லெட்ஸ் ஃபேஸ் இட்’ சொன்ன பிறகு

பின்னால் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. எத்திராஜ் நகரவில்லை. டிரைவர் கடைசி நொடியில் வண்டியை ஒடித்ததால் முழங்கைச் சிராய்ப்போடு தப்பினார். கும்மிடிப்பூண்டியில் நான் நர்ஸாக இருந்த ஃபோர்ஜிங் கம்பெனியின் ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு அவரைக் கூட்டிவந்தார்கள்.

“இன்னாண்ணா, ஹாரன் கேக்கலியா?” குனிந்து மருந்து போட்டபடியே கேட்டேன்.

பதில் இல்லை. நிமிர்ந்து மறுபடி கேட்டேன்.

“ஏதோ யோசனைல இருந்துட்டேன் சிஸ்டர்” என்று சிரித்தார்.

ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவர். ஹாமர் ஆபரேட்டர். பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடித்து வடிவமாக்கும் மெஷின்தான் ஹாமர். அது இறங்கும்போது எங்கள் ரூம் ஜன்னல் அதிரும். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இயர் ப்ளக் கொடுக்கிற வழக்கமே இல்லை.

அந்த வாரமே காது டெஸ்ட் எடுத்தோம். ஹெட்ஃபோனில் சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். அவர் சத்தத்தைப் போடும் என் கையைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். கையை மறைத்தேன். அழுத்துவது நின்றுவிட்டது.

வாரம் ஒருமுறை வரும் டாக்டர் நல்லவர், ஆனால் அவசரக்காரர். கெட்ட செய்தி எதுவானாலும் “லெட்ஸ் ஃபேஸ் இட்” என்றுதான் தொடங்குவார். சர்க்கரைக்கும் அதுதான், முதுகெலும்புத் தேய்மானத்துக்கும் அதுதான். அன்றும் ரிப்போர்ட்டைப் பார்த்தபடியே, “லெட்ஸ் ஃபேஸ் இட், எத்திராஜ். ரெண்டு காதுலயும் நரம்பு போயிடுச்சு. இது திரும்பாது. இனிமே ஹாமர்ல நிக்கக் கூடாது” என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

“தேங்க்ஸ் சார்” என்று எத்திராஜ் எழுந்து போனார். டாக்டரின் முகம் குனிந்திருந்ததால் உதட்டைப் பார்க்க முடியாமல் எத்திராஜுக்கு ஒரு வார்த்தையும் போய்ச் சேரவில்லை என்று எனக்குப் புரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவரைக் கூப்பிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் என் வாயிலும் அதுவே வந்தது.

“லெட்ஸ் ஃபேஸ் இட், அண்ணா.”

“அப்டீன்னா இன்னா சிஸ்டர்?” என் உதட்டைப் பார்த்துக் கேட்டார். “டாக்டரு எல்லார்கிட்டயும் சொல்றாராமே, பசங்க சொல்லிக்கினு சிரிக்கிறானுங்க.”

தமிழில் சொல்லப் பார்த்தேன். ‘ஒத்துக்கொள்’ என்றால் அதட்டலாக இருந்தது. ‘ஏற்றுக்கொள்’ என்றால் பிரசங்கமாக இருந்தது.

“லெட்ஸ்னா நாமன்னு அர்த்தம். கஷ்டமான விஷயம்தான், நாம சேந்து பாத்துக்கலாம்னு சொல்றது” என்றேன். அதில் ஒரு ‘நாம்’ இருப்பதை அப்போதுதான் நானே கவனித்தேன்.

பிறகு டாக்டர் சொன்னதை மெதுவாகச் சொன்னேன். சொல்லிவிட்டு எழுந்திருக்காமல் எதிரேயே இருந்தேன்.

“தெரியும் சிஸ்டர். வேல பூடும்னு சொல்லல. ஊட்லயும் சொல்லல. அவ பேசறது பாதி கேக்காது. நான் கோவமா கீறேன்னு நெனச்சிக்கினு அவளும் பேச்ச வுட்டுட்டா. செவுடன்னு தெரியறதுக்கு இது தேவலன்னு நானும் இருந்துட்டேன்.”

“இப்ப அவங்ககிட்ட யாரு சொல்றது?”

“நாமன்னு சொன்னீங்களே சிஸ்டர்.”

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கம் போனேன். அவர் மனைவி தேவகி டீ கொடுத்தார். எத்திராஜ் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் நம்பவில்லை.

“காதெல்லாம் நல்லாத்தான் கீது. எங்கம்மா செத்த அன்னிக்கு ராவு அழுதுகினே எவ்ளோ சொன்னேன் தெரியுமா? முதுவக் காட்டிக்கினு படுத்துனு இருந்தாரு. அன்னிக்கே மனசு வுட்டுப்போச்சு.”

“அது அவருக்குக் கேக்கலக்கா.”

தேவகி கணவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்.

“அன்னிக்கு நான் இன்னா சொன்னேன்னு தெரியுமாய்யா?”

அவர் இல்லையென்று தலையாட்டினார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் சத்தமில்லாமல் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.

எத்திராஜுக்கு வேலை போகவில்லை. ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஹாமரை விட்டு வந்ததில் அவருக்கு வருத்தம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. புதிதாக வாங்கிய காது மெஷின் பாதி நாள் பாக்கெட்டில்தான் கிடந்தது. மனைவிதான் எதிரே வந்து நின்று பேசுகிறாரே என்றார்.

ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். கெட்ட செய்தியைச் சொல்வது பாதி வேலை. சொன்ன பிறகு, கேட்டவர் வாய் திறக்கிறவரை எழுந்து போகாமல் எதிரே உட்கார்ந்திருப்பதுதான் மீதி வேலை.