மாமன் சீரில் கொதித்த கார்

திருச்சுழிக் கடைத்தெருவில் முனீஸ்வரியின் கார் கக்கியது புகை இல்லை, நீராவி. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாத ஏறத்தாழ இருநூறு பேர் அன்று கைதட்டினார்கள், சீழ்க்கையடித்தார்கள், கைப்பேசியில் படம்பிடித்துச் சுற்றத்தாருக்கு அனுப்பினார்கள். கைதட்டியவர்களுள் ஒருவர்கூட இன்றுவரை வருத்தம் தெரிவிக்கவில்லை. மாறாக, அந்த நாளை ஒரு பெருமையாகவே பேசி வருகிறார்கள். ஆகவே நடந்ததை நடந்தவாறு எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

முனீஸ்வரி, எம்.ரெட்டியபட்டிக்கு அருகே பருத்தியும் கம்பும் விளைவிக்கும் சங்கையாவின் இளைய மகள். வயது இருபத்தேழு. மூத்தவள் காளீஸ்வரி திருச்சுழியில் வாழ்க்கைப்பட்டவள். இடைப்பட்ட மருதுபாண்டி தந்தையோடு நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான். பதினான்கு வயதிலேயே முனீஸ்வரி டிராக்டரைப் பின்னோக்கிச் செலுத்தி, டிரெய்லரைக் கொட்டகைக்குள் ஒரே முயற்சியில் நிறுத்துவாள். மருதுபாண்டிக்கு அதற்கு மூன்று முயற்சிகள் தேவைப்படும். ஆயினும், ‘சங்கையா வீட்டில் டிராக்டர் ஓட்டத் தெரிந்த பிள்ளை’ என்று ஊரார் குறிப்பிட்டது மருதுபாண்டியைத்தான்.

ஆட்டோமொபைல் பொறியியலில் பட்டயம் பெற்ற அவள், அருப்புக்கோட்டையில் கார் பழுதுநீக்கும் பணிமனை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறாள். அவள் ஈடுபட்டிருக்கும் விளையாட்டுக்கு டிரிஃப்ட் என்று பெயர். பின்சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கச் செய்து, வண்டி பக்கவாட்டில் சறுக்கியவாறே வளைவைக் கடக்க வேண்டும். முந்தி வருவதற்கு இதில் மதிப்பில்லை. சரியான கோணத்தில், குறித்த கோட்டை விட்டு விலகாமல் சறுக்குபவருக்கே மதிப்பெண். அப்போது டயர் தேய்ந்து வெண்புகை எழும். ஊராருக்கு இவ்விளையாட்டைப் பற்றித் தெரிந்தது அந்தப் புகை மட்டுமே.

அவளுடைய கார் வெள்ளத்தில் மூழ்கி, கொச்சியில் ஒரு கிடங்கில் சேறு படிந்து கிடந்த ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவுகள், இருபது ஆண்டுப் பழமை. சேற்றைக் கழுவி எடுக்கவே அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று. வேலை முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாள்களிலுமாக மூன்று ஆண்டுகள் உழைத்தாள். பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகவே சுழலும்படி வெல்டிங் செய்தாள், கைபிரேக்கை மாற்றினாள், உள்ளே இரும்புக்குழாய்க் கூண்டு அமைத்தாள். கூண்டுக்குள் ஏறி இறங்க வசதியாக, ஒரு வளையத்தை இழுத்தவுடன் தனியே கையோடு வந்துவிடும் ஸ்டீயரிங்கைப் பொருத்தினாள். ஆனால் வீட்டில் வண்டி நிற்கும்போது அதை அவள் ஒருநாளும் கழற்றி வைத்ததில்லை. சாவியையும் பூசையறை ஆணியில்தான் மாட்டியிருந்தாள்.

அருப்புக்கோட்டைச் சாலையில் மூடிக் கிடக்கும் பஞ்சாலையின் சிமெண்டுக் களத்தில், மிளகாய் வற்றல் காயப்போடாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பயிற்சி செய்தாள். பொதுச் சாலையில் அந்தக் காரை ஒருமுறைகூட ஓட்டியதில்லை. மாரிக்கண்ணன் என்பவரின் லோடு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோவாள், கொண்டுவருவாள். புதியவர்களுக்கான போட்டிகளில் இரண்டு ஆண்டுகள் ஓட்டியபின் அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. கோயம்புத்தூரில் நடைபெறவிருந்த கடைசிச் சுற்றில் முதல் எட்டு இடங்களுக்குள் வந்தால், அடுத்த ஆண்டு முதல் அவளைத் தங்கள் ஓட்டுநராகச் சேர்த்துக்கொள்வதாக அணி ஒன்று எழுத்துமூலம் தெரிவித்தது. அந்தச் சுற்றில் அவள் தன் சொந்தக் காரைத்தான் ஓட்ட வேண்டும்.

அப்போட்டிக்கு ஒன்பது நாள்களுக்கு முன்பு காளீஸ்வரியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என்ற முறையில் மருதுபாண்டி சீர் கொண்டுபோக வேண்டும். இப்பக்கத்தில் மாமன் சீர் என்பது தட்டும் துணியும் கிடாயும் மட்டும் அல்ல. எதில் வந்து இறங்கினார்கள் என்பதும் சீரில் ஒரு பகுதி.

“முனீஸு, சீருக்கு ஒன் காரு முன்னாடி போகட்டும்,” என்றான் மருதுபாண்டி.

“போகாது.”

“போன வருசம் மச்சான் தம்பி வீட்டு விசேசத்துல ஜேசிபிய வச்சுப் பூவக் கொட்டுனாக. நம்ம என்ன, குட்டியானை லோடு வண்டியில போயி இறங்கவா?”

“குட்டியானையில போ, இல்லாட்டி நடந்து போ. என் வண்டி ஊர்வலம் போற வண்டி இல்லண்ணே. மெதுவா ஊர்ந்தா காத்து கெடைக்காம இஞ்சின் கொதிச்சிரும்.”

“அம்புட்டு வேகத்துல கொதிக்காததா, மெதுவாப் போனாக் கொதிக்கப் போகுது?”

“வேகமாப் போனாத்தான் காத்து வரும்.”

“கேட்டீகளாய்யா, ஒங்க மக காத்துக்குப் பாடம் எடுக்கிறா,” என்று அவன் தந்தையைப் பார்த்துச் சிரித்தான். சங்கையாவும் சிரித்தார். குற்றம் அந்தச் சிரிப்பில்தான் தொடங்கியது.

முனீஸ்வரி முந்தைய நாளே அக்காளுக்கு உதவியாகத் திருச்சுழி மண்டபத்துக்குச் சென்றுவிட்டாள். மறுநாள் காலையில் மருதுபாண்டி தந்தையிடம் சாவியைக் கேட்டான். சங்கையா பூசையறைக்குள் சென்று, தம் கையாலேயே ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். “தங்கச்சி சொல்லிருச்சு, வந்து ஏத்துங்க,” என்று மாரிக்கண்ணனிடம் மருதுபாண்டி பொய் சொன்னான். கார் திருச்சுழிப் பேருந்து நிலையத்தருகே இறக்கப்பட்டது.

அங்கே ஃபிளெக்ஸ் பதாகை தயாராக இருந்தது. கறுப்புக் கண்ணாடியணிந்து மீசையை முறுக்கும் மருதுபாண்டியின் படம். கீழே ‘தங்கத் தாய்மாமன்’ என்ற எழுத்து. அதைக் காரின் முகப்பில், ரேடியேட்டருக்குக் காற்று நுழையும் வாய் முழுவதும் மறையுமாறு, கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். அதன்மேல் ஆளுயர மாலை. மண்டபம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. கொட்டுக்காரர்களுக்குப் பின்னால், ஆடுகிறவர்களுக்கு நின்று நின்று, வெடிக்கு ஒதுங்கி ஒதுங்கி, அந்தத் தொலைவைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

மண்டபத்துக்குள் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த முனீஸ்வரி, கொட்டுச் சத்தத்துக்கு நடுவே அந்த இஞ்சினின் ஒலியைக் கேட்டாள். மூன்று ஆண்டுகளாகத் தன் கையால் திருத்திய ஒலி. அதில் ஒரு கிணுகிணுப்புச் சேர்ந்திருந்தது. பாக்குவெட்டியோடு வெறுங்காலில் தெருவுக்கு ஓடினாள்.

காரின் முன்மூடி இடுக்குகளிலிருந்து வெண்மையாக நீராவி எழுந்துகொண்டிருந்தது.

“புகை வந்துருச்சுலே. மாமோய், இன்னும் முறுக்கு,” என்று கூட்டம் கூவியது.

மருதுபாண்டி ஆக்சிலரேட்டரை மிதித்து முறுக்கினான். சீழ்க்கை கூடியது. முனீஸ்வரி கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்க் கண்ணாடியில் அறைந்தாள்.

“ஆஃப் பண்ணுண்ணே.”

“இருத்தா, மண்டபத்து வாசல்ல நிப்பாட்டிக்கிறேன். போட்டோக்காரன் அங்கதான் நிக்கிறான்.”

“முன்னாடி செவப்பு லைட்டு எரியுதே, கண்ணு தெரியலையா?”

“அது அலங்காரத்துக்குன்னுல்ல நெனச்சேன்.”

அவள் முன்னால் சென்று பாக்குவெட்டியால் கயிற்றை வெட்டினாள். ஃபிளெக்ஸ் சரிந்தது. அதற்குள் மருதுபாண்டியின் கூட்டாளி விஜயபாண்டி முன்மூடியைத் திறந்து, விருந்தாளிகளுக்காக ஐஸ் போட்டு வைத்திருந்த தண்ணீரை ஒரு குடம் தூக்கி வந்துவிட்டான். “ஊத்தாதீக,” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ஊற்றினான். உள்ளே ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்டது. இஞ்சின் நின்றது.

 பிறகு மருதுபாண்டி இறங்கி, “சரி, தள்ளுங்கப்பா,” என்றான். செத்த வண்டியை அப்படியே மண்டப வாசலுக்குத் தள்ளிச் சென்று, அதன்மேல் சாய்ந்து நின்று அவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். முனீஸ்வரி தெருவில் நின்றாள்.

இதை அறியாமை என்று கூறி மன்னிப்பது எளிது. ஆனால் அவள் முன்கூட்டியே, தெளிவாக, காரணத்தோடு சொல்லியிருந்தாள். தங்கள் டிராக்டர் கொதித்தால், நிழலில் நிறுத்தி ஆறவிட வேண்டும் என்பது மருதுபாண்டிக்கும் தெரியும், விஜயபாண்டிக்கும் தெரியும். தெரிந்ததைப் பயன்படுத்தத் தேவையில்லை என்று அவர்கள் எண்ணியதற்குக் காரணம், அந்த இஞ்சின் ஒரு பெண்ணுக்குச் சொந்தமானது என்பதைத் தவிர வேறில்லை.

மண்டபத்துக்குள் அவள் தந்தையிடம் சென்றாள்.

“சாவிய யாரு குடுத்தா?”

“நாந்தான் குடுத்தேன். மாமன் மொறைக்கு ஒரு நாளு கேக்குறான். அதுக்கு இம்புட்டா?”

“எங்கிட்டக் கேக்கலையே.”

“வீட்டுல நிக்கிற வண்டிக்கு ஒங்கிட்ட என்னத்தா கேக்குறது?”

“வீட்டுல நிக்கிற டிராக்டர நான் சொல்லாம எடுத்துட்டுப் போயி, இஞ்சின ஒடச்சுக் கொண்டாந்து விட்டா, நீங்க இப்பிடி வெத்தல போட்டுக்கிட்டு உக்காந்திருப்பீகளா?”

“விசேச வீட்டுல சத்தம் போடாத தாயி.”

“சத்தம் போட்டது என் வண்டிதான்யா. அது இனிமே போடாது.”

காளீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “எம்புள்ள விசேசத்தாலல்ல இப்பிடி ஆச்சு,” என்றாள்.

“ஒம்புள்ள என்னக்கா பண்ணுச்சு? போயிக் காதக் குத்துங்க.”

குழந்தையை மருதுபாண்டி மடியில் வைத்துக் காது குத்தும்வரை அவள் நின்றாள். சாப்பிடவில்லை. மாரிக்கண்ணனின் லோடு வண்டியில் காரை ஏற்றச் செய்து, வீட்டுக்குப் போகாமல் நேரே அருப்புக்கோட்டைக்குப் போனாள்.

“ஒரு போனு போட்டு ஒங்கிட்டக் கேட்டுருக்கணும் தங்கச்சி,” என்றார் மாரிக்கண்ணன்.

“ஆமா, கேட்டுருக்கணும்.”



இஞ்சினைப் பிரித்தபோது, ‘ஹெட்டு’ என்று தொழிலாளர்கள் கூறும் அதன் மேற்பகுதி வளைந்திருந்தது. விரல் நீளத்துக்கு ஒரு விரிசலும் கண்டிருந்தது. விரிசலை அடைக்க அதை மதுரைக்குக் கொண்டுசென்றாள். அங்கே மூன்று நாள். திரும்பி வந்து, லேத்துப் பட்டறையில் வளைவைச் சீவி மட்டப்படுத்த ஒரு நாள். ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் வெளிநாட்டிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். செம்புத் தகடு வாங்கி, ஒவ்வொரு துளையாக அரத்தால் அராவி, அவளே ஒரு கேஸ்கெட் செய்தாள். காருக்கு அடியில் படுத்து வேலை செய்ய அந்த ஃபிளெக்ஸையே விரித்துக்கொண்டாள். படத்திலிருந்த கறுப்புக் கண்ணாடியின்மீது பழைய ஆயில் சொட்டியது.

ஐந்தாம் நாள் மருதுபாண்டி ஒரு ஃபிளாஸ்கோடு பணிமனை வாசலில் வந்து நின்றான்.

“டீ குடிக்கியா?”

அவள் செம்புத் தகட்டை அராவிக்கொண்டே இருந்தாள்.

“எதாச்சும் பிடிக்கணும்னாச் சொல்லு, பிடிக்கிறேன்.”

“நீ பிடிச்சதே போதும்.”

அவன் தரையில் கிடந்த தன் படத்தைப் பார்த்தான். ஃபிளாஸ்கை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான். அது மறுநாள்வரை அங்கேயே இருந்தது. எட்டாம் நாள் காலையில் இஞ்சின் உயிர்பெற்றது. அன்று மாலையே மாரிக்கண்ணனின் வண்டியில் காரை ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் புறப்பட்டாள்.

போட்டியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டங்கள். இரண்டில் எது சிறந்ததோ, அதற்கே மதிப்பெண். முதல் ஓட்டத்தில் இஞ்சினுக்கு அஞ்சி ஓட்டினாள்; பன்னிரண்டாம் இடம். வந்து முன்மூடியைத் திறந்தபோது, செம்புத் தகட்டின் ஓரத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. இன்னும் ஓர் ஓட்டத்துக்கு அது தாங்கலாம், அதற்குமேல் தாங்காது. நன்றாக ஆறும்வரை காத்திருந்து, நீரை நிரப்பிக்கொண்டு போனாள்.

அந்த இரண்டாம் ஓட்டத்தில் அவள் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. முதல் வளைவில் வண்டியைப் பக்கவாட்டில் கிடத்தியவள், கடைசி வளைவுவரை நேராக்கவே இல்லை. கோபத்தில் ஓட்டினாள் என்று எழுதினால் படிப்பவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அவள் கூறியது வேறு. “வளைவுக்குள்ள கோவத்தோட போனா வண்டி சுத்திரும். வெளிய வச்சுட்டுத்தான் போனேன். வந்து திரும்ப எடுத்துக்கிட்டேன்.”

ஏழாம் இடம். அணி அவளைச் சேர்த்துக்கொண்டது.

அவள் ஊர் திரும்பியபோது பேருந்து நிறுத்தத்தில் புதிய ஃபிளெக்ஸ் ஒன்று நின்றது. வாழ்த்துகிறவனான மருதுபாண்டியின் படம் பெரிது. வாழ்த்தப்படுகிற அவளுடைய படம் ஒரு மூலையில் சிறிது. வீட்டுக்குள் நுழைந்ததும் சங்கையா மகிழ்ச்சியோடு சொன்னார்: “மாமன் சீருக்குப் போயிட்டு வந்த ராசி தாயி. ஊரே அப்பிடித்தான் சொல்லுது.”

“ஹெட்டு ஒடஞ்சது ராசியாய்யா?”

“அதான் ஜெயிச்சிட்டல்ல,” என்றான் மருதுபாண்டி. “இன்னும் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

“நான் ஜெயிச்சேன்ங்கிறதுக்காக நீ பண்ணுனது நல்லதாயிருமா?”

“அதில்ல முனீஸு. விஜயபாண்டி தங்கச்சி வீட்டுல அடுத்த மாசம் விசேசம். ராசியான வண்டின்னு கேக்குறான். இந்தத் தடவ ஃபிளெக்ஸக் கட்ட மாட்டோம்.”

முனீஸ்வரி கொட்டகைக்குப் போனாள். வளையத்தை இழுத்து ஸ்டீயரிங்கைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அன்று முதல் அது அவளை விட்டுப் பிரிந்ததில்லை. வேலைக்குப் போகும்போது பேருந்தில் அவள் மடியில் இருக்கும். இரவில் தலைமாட்டில் இருக்கும். கார் கொட்டகையில் பூட்டப்படாமலே நிற்கிறது. யாரும் எடுத்துக்கொண்டு போகலாம், திருப்ப மட்டும் முடியாது.

அடுத்த மாதம் அருப்புக்கோட்டையில் விஜயபாண்டியின் தங்கை வீட்டு விசேஷம் நடந்தது. சீர் குட்டியானையில் வந்தது. முனீஸ்வரியும் முறைப்படி சென்றிருந்தாள். பந்தியில் அவளுக்கு அடுத்து அமர்ந்த உறவுக்காரப் பெண்மணி குனிந்து பார்த்தாள்.

“அதென்ன தாயி மடியில, வட்டமா?”

எதிர்ப் பந்தியில் சங்கையாவும் மருதுபாண்டியும் அருகருகே அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படியாக முனீஸ்வரி சொன்னாள்.

“என் வண்டி.”

சொல்லிவிட்டு இலையில் தண்ணீர் தெளித்தாள். தந்தையும் மகனும் தலை நிமிரவில்லை.