முன்னாள் முதலிடம்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவரைத் தெருவே 'ஃபர்ஸ்ட்டு' என்றுதான் கூப்பிடும். முப்பது வருடத்துக்கு முன் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்து முதலாவதாக வந்தவர். அன்றைக்குத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர்கள் இன்றைக்கு அவரைக் கண்டால் உச்சுக் கொட்டுகிறார்கள்.

அப்படி என்ன குடி முழுகிப்போனது என்று அவருக்கே புரிந்ததில்லை. இன்ஜினியரிங் சேர்ந்தார், பிடிக்கவில்லை, விட்டார். லென்ஸ் வேலை பிடித்தது, ஒட்டிக்கொண்டார். ஒரு மயிரிழை பிசகினாலும் போடுகிறவருக்குத் தலைவலி வரும். அவர் பொருத்தியதில் ஒருவருக்கும் வந்ததில்லை. படுத்தால் நன்றாகத் தூக்கமும் வருகிறது. தோற்றுப்போனவனுக்கு இப்படித் தூக்கம் வருமா என்பதுதான் அவருடைய சந்தேகம்.

இப்போது அதே பரீட்சையில் தங்கை மகள் முதலாவதாக வந்துவிட்டாள். அவர் இருப்பது தங்கை வீட்டு மாடியில்தான். பத்திரிகையிலிருந்து பதினோரு மணிக்கு வருகிறார்கள் என்றதும் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு இறங்கினார். தங்கை அவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"அண்ணா, தப்பா நினைச்சுக்காதே. அவங்க வர்ற நேரம் நீ கொஞ்சம் வெளிய போயிட்டு வாயேன்."

"ஏன்?"

"உன்னப் பத்தித் தெரிஞ்சா இப்ப என்ன பண்றேன்னு கேப்பாங்க. அதையும் சேத்துப் போட்டுட்டா? மொத நாளே பிள்ளைக்கு அது வேணாம்னு பாக்குறேன்."

அவருக்குச் சுருக்கென்றது. அன்றைக்குப் பேப்பரில் வந்த அவருடைய படத்தைக் கத்தரித்து வகுப்பு முழுக்கக் காட்டிவிட்டு வந்த தங்கைதான் இவள். கோபமாகப் பார்த்தால் அவள் கண்ணில் தண்ணீர். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் செருப்பைத் தேடினார்.

அதற்குள் வந்துவிட்டார்கள். கேமராக்காரரின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. ஃபர்ஸ்ட்டுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பையிலிருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கண்ணாடியை வாங்கி இறுக்கிக் கொடுத்தார்.

"அட, இப்ப கச்சிதமா இருக்கு சார்!"

"வீட்டுல இதுக்கு முன்னாடி யாராவது இப்படி முதலாவதா வந்திருக்காங்களா?" என்று கேட்டார் நிருபர்.

தங்கை கையைப் பிசைந்தாள். அவள் மகள் நேரே மாமாவைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"இல்லீங்க. இவதான் மொத ஆளு" என்று முந்திக்கொண்டு சொன்னவர் ஃபர்ஸ்ட்டுதான். எதற்காகச் சொன்னோம் என்பது அவருக்கே பிடிபடவில்லை.

அவர்கள் போனதும் தங்கை மகள் மாடியேறி வந்தாள்.

"ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க? உங்க வேலை உங்களுக்குப் பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு."

"அப்புறம் எதுக்கு எல்லாரும் பாவம்ங்கிறாங்க?"

"அதாம்மா எனக்கும் புரியல."

"அப்ப நானும் எனக்குப் பிடிச்சதப் பண்ணலாம்தானே?"

தாராளமாக என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல நல்லாப் படி" என்று வந்தது.